மலாவிக்குக் காணிக்கை எடுக்கும் சபையாருக்கு

லண்டன் தமிழ்ச் சபைகளின் மிஷனெரிக் கமிட்டியாருக்கும் வாலிபர் ஐக்கியத்தாருக்கும்,

இந்த வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்ந்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் நன்கொடை திரட்டி, மலாவியில் ஒரு கிராமத்தில் அறுபது பிள்ளைகள் தங்கும்படி அனாதை இல்லம் கட்டப் போகிறீர்கள் என்று உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. கோடை விடுமுறையில் வாலிபர்கள் பத்து நாள் அங்கே போய்ச் சுவருக்குப் பெயின்ட் அடித்து, பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்திவிட்டு வருவார்களாம். ஒரு பூசணிக்காயை நாற்பது பவுண்டுக்கு ஏலம் எடுக்கிற மனசு எல்லோருக்கும் வந்துவிடாது. அந்த மனசை நான் குறைத்துப் பேசவில்லை. பணத்தைத் தாராளமாக மலாவிக்கு அனுப்புங்கள். அந்தக் கட்டடத்தை மட்டும் கட்டாதீர்கள்.

நான் நர்ஸ். இங்கே என்.எச்.எஸ். வேலைக்கு வருமுன் மலாவியின் நடுப்பகுதியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு பார்த்தவள். லிலாங்வேயிலிருந்து பஸ் பிடித்து, தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, ‘கபாஸா’ என்கிற சைக்கிள் டாக்ஸியில் செம்மண்ணைக் குடித்துக்கொண்டு போக வேண்டிய ஊர். வாரத்தில் ஒரு நாள் ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குக் கிளினிக். மாமரக் கிளையில் தராசைக் கட்டுவோம். கொக்கியில் ஒரு துணிக் கால்சட்டை தொங்கும். பிள்ளையின் இரண்டு காலையும் அதற்குள் விட்டுத் தொங்கவிட்டால் அது வீறிட்டுக்கொண்டு ஊசலாடும், முள் ஓரிடத்தில் நிற்காது. ஒருவழியாக எடையைப் பார்த்து, ‘ஹெல்த் பாஸ்போர்ட்’ என்கிற சின்ன நோட்டில் எழுதுவோம். அடுத்தது மேல்கையைச் சுற்றி ஒரு நாடா. 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டக்குறைவு.

சிவப்பு வந்த பிள்ளையை முன்பெல்லாம் வாரக்கணக்கில் வார்டில் படுக்கவைத்துப் பால் கொடுத்துத் தேற்றுவார்கள். வீட்டில் மற்ற பிள்ளைகள் கிடக்க, வயல் கிடக்க, தாய் அங்கேயே கிடக்க வேண்டும். பாதியில் ஓடிப் போகிறவர்கள் உண்டு. 2000களின் தொடக்கத்தில் பிளான்டையரில் வேலை செய்த குழந்தை மருத்துவர் மார்க் மனாரி, நிலக்கடலையும் பால் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த பசையைப் பொட்டலமாகக் கொடுத்துப் பிள்ளைகளை வீட்டுக்கே அனுப்பிப் பார்த்தார். வேறு சிக்கல் இல்லாத பிள்ளைகள் வீட்டிலேயே தேறினார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அதையே முறையாக ஏற்றுக்கொண்டன. பிள்ளையைச் சாப்பாடு இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதைவிடச் சாப்பாட்டைப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அனுப்புவது நல்லது என்று உலகத்துக்குக் காட்டிய நாடு அது. அங்கேதான் நாம் அறுபது கட்டில் போட்டு இல்லம் கட்டப் போகிறோம்.

கிளினிக் வரிசையில் ‘சித்தெஞ்சே’ துணியால் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களில் பலர் தாய்மார் அல்ல, பாட்டிமார். வார்டிலும் அப்படித்தான். அங்கே ஆஸ்பத்திரி கட்டிலும் மருந்தும் தரும். சோறு பொங்குவது உறவுக்காரர் பாடு. அதற்கென்று வளாகத்தில் ஒரு கொட்டகை, மூன்று கல் அடுப்பு, ஆளுக்கொரு ‘ந்சிமா’ (மக்காச்சோளக் களி) பானை. யாராவது ஒருவர் துணைக்கு வந்தே ஆக வேண்டும், வருவார்கள். பாட்டி, சித்தி, பத்து வயது அக்கா, சில சமயம் பக்கத்து வீட்டுக்காரி. ஆளே இல்லாத பிள்ளை வருவது அபூர்வம். வந்தால் ஊரே பேசும்.

‘அனாதை’ என்று சுற்றறிக்கையில் போட்டிருக்கிறீர்கள். யுனிசெஃப் கணக்கில் தாய் தகப்பனில் ஒருவர் இறந்திருந்தாலும் பிள்ளை அந்த எண்ணிக்கைக்குள் வந்துவிடும். அந்தக் கணக்குப்படி அப்பா போனபின் நானும் அனாதைதான். அம்மா காதுபட யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும். உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் நிறுவனம் 2009இல் எழுதியது. மலாவியில் வேலை செய்த யாருக்கும் இது ஆச்சரியம் தராது. நடுப்பகுதியிலும் தெற்கிலும் சேவா, யாவோ, லொம்வே மக்களிடம் பிள்ளை தாய்வழிக்கு உரியது. தாய் இறந்தாலும் அவள் குடும்பம் இருக்கிறது, ‘மலுமே’ என்கிற தாய்மாமன் இருக்கிறார். தாய்மாமன் பொறுப்பை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் இல்லங்கள் எப்படி நிறைகின்றன? தொடக்கப் பள்ளிக்கு 1994 முதல் கட்டணமில்லை. ஆனாலும் நோட்டு வேண்டும், யூனிபாரம் வேண்டும், வயிற்றுக்கு ஏதாவது வேண்டும். மக்காச்சோளக் குதிர் காலியாகி அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு வேளைச் சோறே பெரிய காரியம். அந்த நேரத்தில் பக்கத்து ஊரில் தகரக் கூரை போட்ட புது இல்லம் திறந்து, மூன்று வேளை சோறு, படிப்பு, லண்டன்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றால் பாட்டி என்ன செய்வாள்? கொண்டுபோய் விடுவாள். நல்லதென்று நினைத்தே விடுவாள். அனாதைகள் இருந்ததால் இல்லம் வந்தது என்று நமக்குத் தோன்றும். நடப்பது பெரும்பாலும் தலைகீழ்.

2006இல் மடோனா தத்தெடுத்த சிறுவன் விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். ம்சின்ஜி மாவட்டத்தில் ஓர் இல்லத்திலிருந்து லண்டனுக்கு வந்த பிள்ளை. பத்திரிகைக்காரர்கள் தேடிப்போனபோது தகப்பன் உயிரோடு கிராமத்தில் இருந்தார். பிறந்த கொஞ்ச நாளில் தாய் இறந்துவிட்டதால், வளர்க்க வழியில்லாமல் இல்லத்தில் விட்டவர். அதே 2006இல், அதே ம்சின்ஜியில் மலாவி அரசு யுனிசெஃப் துணையோடு இன்னொன்றையும் தொடங்கியது. பரம ஏழையாக இருந்து, உழைக்கத் திராணியுள்ள ஆளும் இல்லாத குடும்பங்களுக்கு, அதாவது பெரும்பாலும் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தடுமாறும் கிழவிகளுக்கு, மாதாமாதம் கையில் ரொக்கம். இன்று ‘ம்டுகுலா பகோமோ’ என்று பேர். அப்போது சராசரியாகக் குடும்பத்துக்கு 15 டாலர்கூட வரவில்லை. அந்தக் காசில் பிள்ளைகள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாகப் பள்ளிக்குப் போனார்கள், நோய் குறைந்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். இன்று நாடு முழுக்க அந்தத் திட்டம் இருக்கிறது. மடோனாவின் விமானத்துக்குப் பின்னால் ஓடிய கேமராக்களில் ஒன்றாவது அந்தக் கிழவிகள் பக்கம் திரும்பியிருக்குமா?

யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தை அனாதை இல்ல நிதிக்காக எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அங்கே திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் ஒரே மூச்சில் வருகிறார்கள். கிராமத்திலும் அவர்கள் ஒரே வீட்டில், ஒரே பாயில்தான் படுத்திருக்கிறார்கள். நாம் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு விதவையை வாசலில் விட்டுவிட்டு வருகிறோம். போட்டோவுக்குப் பிள்ளை அழகு, கிழவி அப்படியில்லை என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

இல்ஃபோர்ட் சபையார் தினமும் கடந்துபோகும் பார்க்கிங்சைடைப் பாருங்கள். டாக்டர் பர்னார்டோ 1870களில் அங்கே ஏழைப் பெண்பிள்ளைகளுக்காகக் குடில் குடிலாக ஒரு கிராமமே கட்டினார். பக்தியுள்ள மனிதர், சந்தேகமில்லை. அவர் ஆரம்பித்த அதே நிறுவனம் நூறு வருஷ அனுபவத்துக்குப் பின் பெரிய இல்லங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, வளர்ப்புக் குடும்பங்களுக்கும் சொந்தக் குடும்பங்களுக்கும் துணை நிற்கும் வேலைக்கு மாறிவிட்டது. இந்த நாடு தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று விட்டதை ஆப்பிரிக்கப் பிள்ளைக்குப் போதும் என்று நினைக்கிறோமா? இதைக் கொஞ்சம் காரமாகவே கேட்கிறேன்.

மிஷனெரி ஊழியமே தப்பு என்று சொல்லவரவில்லை. நேர் எதிர். நல்ல மிஷன் வேலை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தவர்களிடம் கேட்டும், படித்தும் வைத்திருப்பதால்தான் எழுதுகிறேன். வடக்கே ம்சூசு நகரத்துக்குப் பக்கத்தில் எக்வென்டேனி. ஸ்காட்லாந்து மிஷனெரிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ங்கோனி மக்கள் நடுவே தொடங்கிய இடம். இப்போது சி.சி.ஏ.பி. என்கிற மலாவியின் சொந்தப் பிரெஸ்பிட்டேரியன் சபை நடத்துகிற ஆஸ்பத்திரி. 1990களில் உர மானியம் குறைந்து, மக்காச்சோளத்தை மட்டும் நம்பிய வயல்கள் மெலிந்தன. பிள்ளைகள் வார்டில் எடை குறைந்த பிள்ளைகள் தேறிப் போவதும், சில மாதத்தில் திரும்பி வருவதுமாக இருந்தது. அங்கே தாய்சேய் நலப் பிரிவில் இருந்த நர்ஸ் எஸ்தர் லுபாஃப்யாவும், கனடாவிலிருந்து ஆய்வுக்கு வந்த ரேச்சல் பெஸ்னர் கெர்ரும் கட்டிலை விட்டு வயலுக்குப் போனார்கள். 2000இல் சில கிராமங்களில் விவசாயிகளோடு சேர்ந்து ஒரு சோதனை முயற்சியை ஆரம்பித்தார்கள். துவரையும் நிலக்கடலையும் ஒரே வயலில் போடுவது. அறுவடைக்குப்பின் இலைதழையை எரிக்காமல் மண்ணுக்குள் புதைப்பது. உரம் வாங்கக் காசில்லாதவன் மண்ணுக்கு அதுதான் உரம், பிள்ளைக்கு அதுதான் பருப்பு.

அதோடு நின்றிருந்தால் விவசாயத் துறை சாதனை என்று விட்டுவிடலாம். பருப்பு விளைந்தும் பிள்ளை வாய்க்குப் போகவில்லை என்றால் ஏன் என்றும் கேட்டார்கள். விளைந்ததை விற்றுவிடும் கணவன், வேலைச் சுமையில் சமைக்க நேரமில்லாத மருமகள், பிறந்த பிள்ளைக்கு முதல் கஞ்சி எப்போது என்று முடிவு செய்யும் மாமியார். (நம் வீடுகளிலும் அந்த முடிவு யார் கையில் என்று நான் சொல்லித் தெரிய வேண்டுமா?) மாமியார்களைக் குற்றம் சொல்லாமல் கூட்டத்துக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். ஆண்களும் கரண்டி பிடிக்கும் சமையல் நாட்கள் வைத்தார்கள். சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் எடை கூடியது ஆய்விலும் வந்தது. இந்த வேலைக்கு எந்தக் கல்வெட்டும் கிடையாது. யார் பேரையும் பொறிக்க அங்கே சுவர் இல்லை.

இன்னொன்று, மருந்து. 1990களின் முடிவில் மலாவியில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குமேல் எச்.ஐ.வி. இருந்தது. ஒரு தலைமுறைத் தாய் தகப்பன்மாரை அது கொண்டுபோனது. பாட்டிமார் வரிசை அப்படி வந்ததுதான். 2004 முதல் மருந்து இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது. ஆனால் கர்ப்பிணிக்கு மருந்து தொடங்க வேண்டுமா என்று முடிவுசெய்ய சி.டி.4 எண்ணிக்கை பார்க்க வேண்டும், அந்த மெஷின் கிராமத்தில் ஏது? 2011இல் மலாவி, உலகத்திலேயே முதலாவதாக, எண்ணிக்கை பார்க்காமலேயே எச்.ஐ.வி. உள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆயுள் முழுக்க மருந்து என்று அறிவித்தது. இரண்டு வருஷத்தில் உலக சுகாதார நிறுவனமும் அந்த வழிக்கு வந்தது. கொள்கை அரசுடையது. அதைச் செம்மண் பாதையின் கடைசி ஊர் வரைக்கும் கொண்டுபோனதில் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் பெரிய பங்கு. தாய் பிழைத்தால் அந்த வீட்டில் அனாதை இல்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென்று நிறுத்தப்பட்டபோது ஆட்டம் கண்டது இந்த வேலைதான்.

நாட்டின் மருத்துவத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதுவும் பெரும்பாலும் கிராமத்தில், ‘சாம்’ என்கிற மலாவிக் கிறிஸ்தவ சுகாதாரச் சங்கத்தின் ஆஸ்பத்திரிகளால் நடக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டணம். பிரசவத்துக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அரசே கட்டணத்தைக் கொடுத்துவிடும் ஒப்பந்தம் பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, ஆனால் பணம் தாமதமாகத்தான் வரும். இடையில் மாட்டிக்கொள்வது காய்ச்சல்காரப் பிள்ளையோடு கவுன்ட்டரில் நிற்கும் பாட்டி. ஏழை நோயாளிக் கட்டணத்துக்கென்று ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கில் வருஷாவருஷம் விழும் பணம் எத்தனை பாட்டிகளைத் திருப்பி அனுப்பாமல் காக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இதற்கு நாம் அங்கே நேரில் நிற்க வேண்டியதே இல்லை.

கஞ்சியைச் சொல்லாமல் விட முடியாது. லிலாங்வேக்குப் பக்கத்தில் லிகுனி என்றொரு கத்தோலிக்க மிஷன் ஊர். மக்காச்சோள மாவும் சோயா மாவும் கலந்த கஞ்சிக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்து ‘லிகுனி பாலா’ ஆகிவிட்டது. 2002 பஞ்சத்தின்போது ஸ்காட்லாந்துக்காரர் மாக்னஸ் மக்ஃபார்லன்-பாரோ 200 பிள்ளைகளோடு பள்ளிக்கூடக் கஞ்சி ஆரம்பித்தார். மேரிஸ் மீல்ஸ் என்கிற அந்தத் திட்டம் இன்று பல நாடுகளில் தினமும் 20 லட்சத்துக்குமேல் பிள்ளைகளுக்கு ஊற்றுகிறது. விடியுமுன் அடுப்பு மூட்டுவது ஊர்த் தாய்மாரும் பாட்டிமாரும், முறை வைத்து. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 20 பவுண்டு அளவு ஆகிறது. கஞ்சி பள்ளியில், படுக்கை பாட்டி வீட்டில். மாதாவின் பேர் இருக்கிறதே என்று கமிட்டியில் யாராவது முகத்தைச் சுளிக்கலாம். கஞ்சிக்குச் சபை வித்தியாசம் தெரியாது ஐயா.

இனி வாலிபர் ஐக்கியத்துக்கு. தம்பி தங்கைகளே, உங்கள் ஆர்வத்தின்மேல் தண்ணீர் ஊற்ற எனக்கு ஆசையில்லை. நம் ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமென்றால் டி.பி.எஸ். என்கிற குற்றப் பின்னணிச் சோதனை வேண்டும், பாதுகாப்புப் பயிற்சி வேண்டும், பிள்ளையின் படத்தைப் போட அம்மாவின் கையெழுத்து வேண்டும். மலாவியில் இறங்கிய அரை மணியில் அறிமுகமில்லாத பிள்ளையை மடியில் தூக்கி வைத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறோம். அங்கே பிள்ளைக்குத் தாய் இல்லையா, அவளுக்குக் கையெழுத்து இல்லையா? பத்து நாள் கொஞ்சிவிட்டுப் போகிறவர்கள் மாதாமாதம் மாறி மாறி வந்தால் இல்லத்துப் பிள்ளைகள் யார் வந்தாலும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளப் பழகுகிறார்கள். அதை நாம் அன்பு என்று எடுத்துக்கொள்கிறோம். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே இல்லங்களுக்குத் தன்னார்வச் சுற்றுலா போவதால் வரும் கேட்டைத் தீர்மானத்தில் எழுதியது. பெயின்ட் அடிக்க அங்கே பெயின்டர் இருக்கிறார், அவருக்குக் கூலிதான் இல்லை.

ஆர்வம் மட்டும் இருந்தால் எது வரைக்கும் போகலாம் என்பதற்கு உகாண்டாவின் ஜிஞ்சா ஒரு சாட்சி. மருத்துவப் படிப்பில்லாத ஓர் அமெரிக்க இளம்பெண் ஊழிய அழைப்பு என்று நம்பி அங்கே போய், ஊட்டச்சத்தில்லாத பிள்ளைகளுக்கு நிலையம் நடத்தினார். சில வருஷத்தில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். 2019இல் இரண்டு தாய்மார் வழக்குப் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் சமரசத்தில் முடிந்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு போனவர் என்று நான் நினைக்கவில்லை. கடும் ஊட்டக்குறைவுப் பிள்ளைக்கு டிரிப் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பது எண்ணத்தால் தெரிகிற விஷயம் அல்ல.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லமே வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாத பிள்ளைகள் உண்டு. பிரசவத்தில் தாய் இறந்த கைக்குழந்தைக்குப் பால் மாவு டப்பா விலை ஒரு விவசாயக் குடும்பத்தைச் சாய்த்துவிடும். பிளான்டையர் பக்கம் அப்படிப்பட்ட குழந்தைகளை எடுத்து, பால் மறக்கும் வயதில் குடும்பத்திடமே திருப்பி விடும் இல்லங்கள் இருக்கின்றன. இடையில் பாட்டியும் சித்தியும் வந்து பார்த்துப்போகப் பஸ் காசும் தருவார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பலத்த ஊனமுள்ள பிள்ளைகள், வீட்டிலேயே அடிபடுகிற பிள்ளைகள் விஷயமும் அவ்வளவு எளிதல்ல. அங்கும் முதல் கேள்வி இந்தப் பிள்ளை எப்போது, யாரிடம் திரும்பிப் போகும் என்பதாக இருக்கட்டும். உங்கள் சுற்றறிக்கையில் அந்தக் கேள்வி இல்லை. பிள்ளைகள் பதினெட்டு வயது வரைக்கும் ‘நம் பராமரிப்பில்’ என்று மட்டும் இருக்கிறது.

சுவிசேஷம் சொல்லப் போக வேண்டாமா என்று ஒரு மூப்பர் என்னிடம் கேட்டார். ஐயா, மலாவியில் நாலில் மூன்று பேருக்குமேல் கிறிஸ்தவர்கள். 1915இல் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களை எதிர்த்து எழுந்து உயிர்விட்ட ஜான் சிலெம்ப்வே என்கிற போதகரின் முகத்தைத் தங்கள் குவாச்சா நோட்டில் அச்சடித்த நாடு. லிவிங்ஸ்டோனியா, பிளான்டையர், ந்கோமா என்று அவர்கள் சினாடுகள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். நம் சபையில் காலியாகக் கிடக்கும் பின்பெஞ்சுகளைப் பார்த்தால் அவர்கள்தான் நமக்கு மிஷனெரி அனுப்ப வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். அந்த ஊர் சி.சி.ஏ.பி. சபை மூப்பரையும், பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி மேட்ரனையும், மாவட்டச் சமூக நல அலுவலரையும் முதலில் போனில் கூப்பிட்டு, இங்கே இல்லம் கேட்டது யார் என்று விசாரியுங்கள். நிலம் கொடுக்கத் தயாராக இருக்கும் ஒரு நபர் மட்டும் கேட்டிருந்தால் உஷாராகுங்கள். அறுபது கட்டிலுக்கு வைத்த பணத்தை மூன்று வருஷமாகப் பிரித்து, கட்டண நிதிக்கும் பள்ளிக் கஞ்சிக்கும் துவரை விதைக்கும் கொடுத்தால் எத்தனை வீடு தாங்கும் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். கூப்பிட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன். ஞாயிறு எனக்கு நைட் டியூட்டி, ஆராதனை முடிந்த கையோடு என்றால் வர முடியும்.

இப்படிக்கு,
உங்கள் சபைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு நர்ஸ்